பறிச்ச மாங்காய நாலு நாள் கூடுதலா தாங்க வெக்கிறது எப்படி (கோல்ட் ஸ்டோரேஜ் இல்லாம)

சீசன் ஆரம்பிச்சாலே எனக்கு போன் வரும். புதுசா தோட்டம் வாங்குனவங்க, இல்ல தாத்தா வெச்ச மரத்த இப்பதான் கவனிக்க ஆரம்பிச்சவங்க, எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "அண்ணா காய் நல்லாதான் இருக்கு, பறிச்சு மூணு நாலு நாள்ல கறுப்புப் புள்ளி விழுந்து கொழகொழன்னு ஆயிடுது, கோல்ட் ஸ்டோரேஜுக்கெல்லாம் நம்மகிட்ட காசு இல்ல, வேற வழி இருக்கா"ன்னு. இருக்கு. ஆனா அந்த வழி பெரும்பாலும் காய் பறிச்ச முதல் அஞ்சாறு மணி நேரத்துலதான் இருக்கு, அத விட்டுட்டு அப்புறம் என்ன மெஷின் வாங்கி வெச்சாலும் போனது போனதுதான். நான் கிருஷ்ணகிரி பக்கம் மூணு ஏக்கர் மா வெச்சிருக்கேன், செந்தூரா, பங்கனப்பள்ளி, கொஞ்சம் இமாம்பசந்த், வரப்போரமா கிளிமூக்கு. அதனால மாங்காய வெச்சேதான் சொல்லப் போறேன், கடைசில வாழை, கொய்யா, பப்பாளி பத்தியும் கொஞ்சம் சொல்றேன்.

காய் மூச்சு விடுது, அத மொதல்ல புரிஞ்சுக்கோங்க

மரத்துலேருந்து பறிச்ச உடனே காய் செத்துப் போறதில்ல. அது பாட்டுக்கு மூச்சு விட்டுட்டே இருக்கு, உள்ள இருக்கிற மாவுச்சத்தையும் சர்க்கரையையும் எரிச்சு சூடும் ஈரமும் வெளிய விட்டுட்டே இருக்கு. மரத்துல இருந்த வரைக்கும் தண்ணி, சத்து எல்லாம் வந்துட்டு இருந்துச்சு, இப்ப அது நின்னு போச்சு, கையிருப்ப வெச்சுதான் ஓட்டணும். சூடு 10 டிகிரி ஏறுனா இந்த மூச்சோட வேகம் ரெண்டு மடங்கு, சமயத்துல மூணு மடங்கு கூட ஆயிடும். அதாவது 25 டிகிரி நிழல்ல ஒரு நாள் முழுக்க செலவழிக்கிற கையிருப்ப, 35 டிகிரி வெயில்ல அரை நாள்லயே காலி பண்ணிடும். நாம பண்றது எல்லாமே இந்த செலவ கொறைக்கிற வேலைதான், அவ்வளவுதான் விஷயம்.

இன்னொண்ணு, எல்லாப் பழமும் ஒரே மாதிரி இல்ல. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, சீத்தா, பலா இதெல்லாம் காயா பறிச்சாலும் அப்புறமா பழுக்கும். எலுமிச்சை, அன்னாசி, திராட்சை, மாதுளை எல்லாம் பறிச்ச அன்னிக்கு என்ன இனிப்போ அதே இனிப்புதான், வெச்சிருந்தா கலர் மாறும், இனிப்பு ஏறாது. அன்னாசிய வீட்ல தலைகீழா நிறுத்தி வெச்சா இன்னும் இனிக்கும்னு சொல்றவங்க நெறைய பேரு, அதுல இனிப்பா மாறுறதுக்கு உள்ள மாவே இல்லங்க, எங்கேருந்து இனிக்கும்.

பழுக்குற ஜாதிப் பழம் எல்லாம் எத்திலீன்னு ஒரு கேஸ் விடும். ஒண்ணு பழுத்தா பக்கத்துல இருக்கிறதையும் பழுக்க வெக்கும். கூடைல ஒரு அழுகல் பழம் கெடந்தா மொத்த கூடையும் போச்சுன்னு நம்ம பாட்டி சொல்றது இதான், பூஞ்சை பரவுறது ஒரு பக்கம், இந்த கேஸ் இன்னொரு பக்கம்.

பறிக்கிறதுக்கு முன்னாடி: முத்திருச்சான்னு பாருங்க

புதுசா வர்றவங்க பண்ற மொத தப்பு அவசரம். ஏப்ரல்ல ரேட் நல்லா இருக்கேன்னு பிஞ்சும் காயுமா பறிச்சுடுறாங்க. முத்தாத காய் பழுக்காது, வெம்பிடும். தோல் சுருங்கி, வெளிய மஞ்சளாவும் உள்ள வெள்ளையா சப்புன்னும் இருக்கும். வெம்பல எந்த டெக்னிக் வெச்சும் காப்பாத்த முடியாது.

எங்க தோட்டத்துல காய் பறிக்க வர்ற பெரியவர் ஒருத்தர் எனக்கு காட்டிக் குடுத்தது இது. மொத வருஷம் நான் ஒரு காய பறிச்சு மோந்து பாத்துட்டு, அமுக்கிப் பாத்துட்டு நிக்கிறேன், அவரு சிரிச்சுட்டு, "தம்பி, மோந்து பாத்தா அதுக்கு என்னத்த தெரியும், தண்ணில போடு, முழுகுச்சுன்னா முத்தல், மெதந்துச்சுன்னா மரத்துலயே விட்டு வை"ன்னாரு. பக்கெட்ல போட்டேன், நாலு காய்ல ரெண்டு பொத்துன்னு அடில போயி உக்காந்துச்சு, ரெண்டு மேலயே ஆடிட்டு நின்னுச்சு. அறுத்துப் பாத்தா மெதந்தது ரெண்டும் கொட்டை இன்னும் கெட்டியாகாம சதை வெள்ளையா இருந்துச்சு. இதுக்கு பின்னாடி அறிவியலும் இருக்கு, காய் முத்த முத்த மாவுச்சத்து சேந்து தண்ணிய விட கனமாயிடுது. ஒரு மரத்துக்கு பத்து காய் இப்படி பாத்தா போதும், ஏழெட்டு முழுகுனா அந்த மரம் ரெடி.

கண்ணால பாக்கணும்னா காம்புக்கு ரெண்டு பக்கமும் தோள் எழும்பி காம்பு பள்ளத்துல இருக்கிற மாதிரி தெரியும், தோல்ல லேசா சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், உள்ள சதை காம்புப் பக்கம் இளமஞ்சளா மாற ஆரம்பிச்சிருக்கும். ஒண்ணு ரெண்டு பழம் தானா உதிர ஆரம்பிச்சா அதுவும் ஒரு சிக்னல்.

ரொம்ப முத்த விட்டு செங்காயா பறிச்சா ருசி பிரமாதம், ஆனா ரெண்டு நாள்தான் தாங்கும். பக்கத்து ஊர்ல விக்கிறதுன்னா அப்படி பறிங்க, சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புறதுன்னா முத்துன பச்சைக் காயா பறிங்க.

பறிக்கிற நாள்

காலைல பனி காஞ்ச பிறகு ஆரம்பிச்சு பத்து பத்தரைக்குள்ள முடிச்சுடுங்க. மழை பேஞ்ச அன்னிக்கும் மறுநாளும் பறிக்காதீங்க, ஈரத்தோட பறிச்ச காய்ல கறுப்புப் புள்ளி நிச்சயம். மரத்த உலுக்குறது, கல்லால அடிக்கிறது, மேலேருந்து போட்டு கீழ சாக்க விரிச்சுப் பிடிக்கிறது, இதெல்லாம் வேணாம். வலை கட்டுன தொரட்டி, அதுல சின்ன கத்தி இருக்கிற மாதிரி செஞ்சு வெச்சுக்கோங்க, நம்ம ஊர் கொல்லர்கிட்ட சொன்னாலே அடிச்சுக் குடுத்துடுவாரு, வலைய வீட்லயே கட்டிக்கலாம். கீழ விழுந்த காய்ல அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, நாலு நாள் கழிச்சு பழுக்கும்போதுதான் அந்த எடம் மட்டும் கறுத்து அழுகும். அதனால விழுந்த காய்க்கு தனி கூடை, அது ஊறுகாய்க்கு, எவ்வளவு அழகா இருந்தாலும் நல்ல காயோட கலக்காதீங்க.

இப்ப முக்கியமான விஷயம், பால். காம்பு ஒடிஞ்ச உடனே பீச்சி அடிக்குமே, அந்தப் பால் தோல்ல பட்ட எடம் வெந்து போன மாதிரி கருப்பா கோடு விழும், ஆசிட் பட்ட மாதிரி. அந்தப் புண்ணு வழியாதான் பூஞ்சையும் உள்ள போகுது. அதனால காய காம்ப ஒட்டி ஒடிக்காம, நாலு வெரக்கட காம்போட பறிச்சு கொண்டாந்து, நிழல்ல வெச்சு காம்ப ஒரு சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, காம்பு கீழ பாக்குற மாதிரி கவுத்து வெச்சுடுங்க. நான் பழைய கட்டில் ஒண்ணு, நைலான் கயிறு பின்னுனது, அதுல ஓட்டை ஓட்டையா இருக்கிற எடத்துல காய சொருகி வெப்பேன், பால் நேரா கீழ சொட்டிடும், தோல்ல படாது. அரை மணி நேரம், முடிஞ்சா ஒரு மணி நேரம். சொட்டுற பால் கைல மூஞ்சில பட்டா புண்ணாயிடும், அதையும் பாத்துக்கோங்க, எனக்கு கன்னத்துல பட்டு ஒரு மாசம் தழும்பு இருந்துச்சு, கல்யாண வீட்டுக்கெல்லாம் போயி எல்லாருக்கும் கதை சொல்ல வேண்டியதா போச்சு.

கொஞ்சமா பால் பட்ட காய் இருந்தா 10 லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் நீத்த சுண்ணாம்பு கலக்கி அதுல ரெண்டு மூணு நிமிஷம் முக்கி எடுத்து நல்ல தண்ணில அலசிடுங்க.

நிழல், நிழல், நிழல்

இதுக்கு ஒரு பைசா செலவில்ல, ஆனா இதுலதான் எல்லாரும் கோட்ட விடுறோம். நானே விட்டிருக்கேன். ரெண்டாவது வருஷம், மே மாசம், முப்பது கிரேட் (பிளாஸ்டிக் பொட்டி) காய பறிச்சு வண்டில ஏத்தி மேல கருப்பு தார்ப்பாய இழுத்துக் கட்டிட்டு சாப்பிடப் போனோம், டிரைவர் வரல, அவருக்கு போன் போட்டு போன் போட்டு ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு. அப்புறம் மண்டிக்குப் போயி தார்ப்பாய எடுத்தா சோத்துப் பானைய தொறந்த மாதிரி குப்புன்னு ஆவி. காய தொட்டா சூடு கையில ஏறுது. மண்டிக்காரர் ஒண்ணும் சொல்லல, ரேட்ட மட்டும் பாதியா சொன்னாரு. அவர் மேல எனக்கு அப்ப கோவம், இப்ப யோசிச்சா அவரு செஞ்சது சரிதான், அந்த காய் மூணாம் நாளே கொழஞ்சு போயிருக்கும்.

அதனால: பறிச்ச காய் மரத்தடியிலயே இருக்கட்டும், வெயில்ல வரப்புல குவிக்காதீங்க. தார்ப்பாய்க்கு பதிலா பச்சை நிழல்வலை போடுங்க, காத்து போகணும், வண்டில நிழல்வலைக்கும் காய்க்கும் நடுவுல ஒரு அடி இடைவெளி இருக்கணும். கிரேட்ட நெறைய நெறைய ரொப்பாதீங்க, மேல நாலு வெரல் காலியா இருக்கணும், இல்லன்னா மேல அடுக்குற கிரேட் கீழ இருக்கிற காய நசுக்கும். கோணிச்சாக்குல கட்டுறத விட்டுடுங்க. வண்டிய சாயங்காலம் எடுங்க, ராத்திரி ஓட்டமா போயி விடிகாலைல எறக்குற மாதிரி.

கழுவுறது

குட்டைத் தண்ணில, ஒரே தொட்டித் தண்ணில காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் கழுவுனா ஒரு காயோட நோய எல்லா காய்க்கும் பங்கு போட்டுக் குடுக்குறதா அர்த்தம். நல்ல போர்வெல் தண்ணி, 10 லிட்டருக்கு 3 கிராம் பிளீச்சிங் பவுடர் (புதுசா தொறந்த பாக்கெட்டா இருக்கணும், பழசு வீரியம் போயிருக்கும்), கரைச்சு தெளிய விட்டு தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுங்க, அஞ்சு நிமிஷம், அப்புறம் நல்ல தண்ணி. கழுவுன பிறகு ஈரம் காயணும், ஃபேன் காத்துல காய விடுங்க. ஈரத்தோட பொட்டில போடுறதுக்கு கழுவாமலே போடலாம்.

வெந்நீர் வைத்தியம்

கறுப்புப் புள்ளி விழுறது ஆந்த்ராக்னோஸ்ங்கிற பூஞ்சை. அது பூ பூக்குற காலத்துலயே வந்து பிஞ்சுத் தோல்ல ஒட்டிக்கிட்டு சும்மா தூங்கிட்டு இருக்கும், காய் பழுக்க ஆரம்பிச்சதும் முழிச்சுக்கும். அதான் பறிக்கும்போது பளபளன்னு இருந்த காய் நாலாம் நாள் அம்மை போட்ட மாதிரி ஆகுது. இதுக்கு மருந்துல முக்கி எடுக்கிறவங்க இருக்காங்க, நான் அத செய்றதில்ல, திங்கிற பொருள்ல பறிச்ச பிறகு மருந்து எதுக்கு. வெந்நீரே போதும்.

52 டிகிரி சூட்டுல 5 லிருந்து 10 நிமிஷம், அவ்வளவுதான் ஃபார்முலா. ஆனா இந்த 52ங்கிறது 52தான், குத்துமதிப்பா கை வெச்சுப் பாக்குறது கிடையாது. 55க்கு மேல போனா தோல் வெந்துடும், 48க்கு கீழ எறங்குனா இந்த அஞ்சு பத்து நிமிஷத்துல பூஞ்சைக்கு சுடுதண்ணி குளியல் போட்ட மாதிரிதான். ஒரு நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்க, இந்த மொத்த கட்டுரைல நான் காசு குடுத்து வாங்கச் சொல்ற பொருள்ல இது முக்கியமானது.

நான் செய்றது: கல்யாண சமையலுக்கு வெக்கிற பெரிய அண்டா, 100 லிட்டர் தண்ணி, வெறகு அடுப்பு. தண்ணிய 54 வரைக்கும் கொண்டு போயி அடுப்ப இழுத்து விட்டுட்டு, பிளாஸ்டிக் கூடைல 15, 20 கிலோ காய போட்டு அப்படியே முக்குவேன், காய் உள்ள போனதும் தண்ணி 52 பக்கம் எறங்கி நிக்கும். மெதக்காம இருக்க மேல ஒரு பலகை. நடுவுல கட்டையால லேசா கிளறி விடணும், இல்லன்னா அடில ஒரு சூடு மேல ஒரு சூடு. சூடு கொறைஞ்சா பக்கத்துல கொதிக்கிற தண்ணி ஒரு குடம் ரெடியா இருக்கும், கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கலாம், காய் மேல நேரா ஊத்தக் கூடாது. டைம் முடிஞ்சதும் எடுத்து சாதா தண்ணில ஒரு பத்து நிமிஷம், அப்புறம் ஃபேன் காத்து. பறிச்ச அன்னிக்கோ மறுநாளோ செஞ்சுடணும், பழுக்க ஆரம்பிச்ச காய்ல செய்யக் கூடாது, முத்தாத காய்லயும் கூடாது. உங்க ரகம் எப்படி தாங்குதுன்னு தெரியணும்ல, அதனால மொத தடவை பத்தே பத்து காய் போட்டு ஒரு வாரம் வெச்சுப் பாருங்க, பக்கத்துல வெந்நீர் காட்டாத பத்து காய் வெச்சு கம்பேர் பண்ணுங்க.

செங்கல் மணல் கூலிங் ரூம்

கரன்ட் இல்லாம காய குளுமையா வெக்கிறதுக்கு டெல்லி பூசால இருக்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துல 1980கள்ல ஒரு டிசைன் போட்டாங்க, பூஜ்ய ஆற்றல் குளிர் அறைன்னு பேரு. பேருதான் பெரிசு, விஷயம் மண்பானைத் தண்ணி எப்படி ஜில்லுன்னு ஆகுதோ அதேதான். ஈரம் ஆவியாகும்போது சூட்ட எடுத்துட்டுப் போயிடும்.

கட்டுறது இப்படி. நல்ல காத்து வர்ற, நிழலான, தண்ணி தேங்காத மேடான எடமா பாருங்க. 165 சென்டிமீட்டர் நீளம், 115 சென்டிமீட்டர் அகலத்துக்கு தரைல செங்கல் பரப்புங்க. அது மேல சுத்தி ரெட்டைச் சுவர், ரெண்டு சுவருக்கும் நடுவுல 7.5 சென்டிமீட்டர் இடைவெளி, அதாவது மூணு இஞ்ச், உயரம் 67.5 சென்டிமீட்டர், இடுப்புக்கு கீழதான் வரும். சிமென்ட் வேணாம், சும்மா அடுக்குனா போதும், சிமென்ட் பூசுனா ஈரம் இழுக்காது. நடுவுல இருக்கிற இடைவெளில மணல். மூடிக்கு மூங்கில் சட்டம் கட்டி கோணிச்சாக்கோ வைக்கோலோ வெச்சு தெச்சுக்கோங்க. மேல கீத்துக் கொட்டகை கண்டிப்பா வேணும். செங்கலும் மணலும் ஊறி நிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்தி, அப்புறம் காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நனைச்சா போதும். மணலுக்குள்ள துளை போட்ட சொட்டுநீர் டியூப் ஒண்ண விட்டு மேல ஒரு பக்கெட்ட தொங்க விட்டா அந்த வேலையும் இல்ல. சுமார் 100 கிலோ வெக்கலாம்.

ஆத்து மணல் இப்ப கெடைக்கிற நெலமை உங்களுக்கே தெரியும். நான் எம்-சாண்ட நாலஞ்சு தடவை அலசி தூசி போக்கிட்டு போட்டேன், அலசாம போட்டா சேறு மாதிரி இறுகிக்குது, தண்ணி எறங்காது.

காய பிளாஸ்டிக் கிரேட்ல வெச்சு உள்ள எறக்குங்க, மூங்கில் கூடை, அட்டைப்பெட்டி எல்லாம் ஈரத்துல ஊறி பூஞ்சை பிடிக்கும். உள்ள ஈரப்பதம் 90 சதவீதம் வரைக்கும் நிக்கும், அதனால காய் சுருங்காது, எடை கொறையாது. எடைங்கிறது காசு, அத மறந்துடாதீங்க. நல்ல கோடைல வெளிய இருக்கிறத விட 10 டிகிரிக்கு மேல கூட கொறையும், மாம்பழத்துக்கு மூணு நாலு நாள் கூடுதலா கெடைக்கும், எலுமிச்சைக்கு அதுக்கும் மேல.

ஆனா இது எல்லா ஊருக்கும் சரிப்படாது, அத யாரும் சொல்றதில்ல. காத்து காஞ்சு கெடந்தாதான் ஈரம் ஆவியாகும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், திண்டுக்கல் மாதிரி எடத்துல ஏப்ரல் மே மாசம் ஜம்முன்னு வேலை செய்யும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்துல புழுக்கத்துல கட்டி வெச்சா நாலஞ்சு டிகிரி கொறைஞ்சா பெரிசு. கட்டுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க, தெர்மாமீட்டர் நுனில ஈரத்துணி ஒண்ண சுத்தி நிழல்ல வெச்சு நாலு நிமிஷம் விசிறியால விசிறுங்க, எறங்கி எங்க நிக்குதோ அதுக்கு கீழ உங்க கூலிங் ரூம் ஒருநாளும் போகாது. வெளிய 38, ஈரத்துணில 25ன்னா தாராளமா கட்டுங்க. வெளிய 34, ஈரத்துணில 29ன்னா அந்த செங்கல வேற எதுக்காவது வெச்சுக்கோங்க. கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு நல்ல காத்தோட்டமான கீத்துக் கொட்டகை, ராத்திரிக் காத்து, டேபிள் ஃபேன், இதான் பெஸ்ட்.

ரெண்டு எச்சரிக்கை. எலி வரும், கம்பி வலை அடிங்க. அப்புறம் கோடைல ஜில்லுன்னு ஈரமா ஒரு எடம் இருந்தா நமக்கு முன்னாடி தேளும் பாம்பும் வந்து குடியிருக்கும், மூடிய கையால டக்குன்னு தூக்காதீங்க, குச்சியால தட்டிட்டு தூக்குங்க.

கொஞ்சம் பெரிய அளவுல, ரெண்டு மூணு தோட்டக்காரங்க சேந்து செய்றதா இருந்தா, ஒரு சின்ன ரூமுக்கு சுவர்ல தெர்மோகோல் ஒட்டி சாதா ஏசி போட்டு, அது 16, 18லயே நின்னுடாம இன்னும் கீழ எறங்குற மாதிரி கூல்பாட்னு ஒரு கன்ட்ரோலர் மாட்டுறாங்க. பெரிய கோல்ட் ஸ்டோரேஜ் கட்டுறத விட ரொம்ப ரொம்ப மலிவு. மாங்காய்க்கு 13 டிகிரி வெச்சா போதும். கீழ போகாதீங்க. குளிர் அதிகமானா மாங்காய் தோல் சாம்பல் பூத்து குழி குழியா விழும், வெளிய எடுத்த பிறகு பழுக்கவும் செய்யாது. வீட்டு ஃப்ரிட்ஜ்ல காய வெச்சவங்களுக்கு இந்த அனுபவம் இருக்கும், ஃப்ரிட்ஜ் உள்ள 4, 5 டிகிரி. நல்லா பழுத்த பிறகு வேணா ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு நாள் வெக்கலாம், காய வெக்கக் கூடாது.

பழுக்க வெக்கிறதும் பார்சலும்

கார்பைடு கல்லு பக்கமே போகாதீங்க. அது சட்டப்படியும் தடை, அதுல ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். எத்திலீன் கேஸ் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 100 பங்கு) வரைக்கும் 2016ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதி குடுத்திருக்கு, அது ரூம் கட்டி செய்றவங்களுக்கு. நமக்கு வைக்கோல் போதும். ஒரு வரிசை வைக்கோல், ஒரு வரிசை காய், மூணு வரிசைக்கு மேல வேணாம். சீக்கிரம் வேணும்னா நடுவுல நல்லா பழுத்த வாழைப்பழம் நாலு வெச்சு மூடுங்க, அது விடுற கேஸ் மத்ததையும் இழுத்துட்டு வந்துடும். தினமும் ஒரு தடவை பொறுக்கி எடுக்கணும், பழுத்தத தனியா.

தள்ளிப் போடணும்னா இதே கதைய திருப்பிப் போடுங்க: பழத்தையும் காயையும் ஒரே ரூம்ல வெக்காதீங்க, கேஸ் தேங்காம காத்து ஓட்டம் இருக்கணும்.

வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து பார்சல் அனுப்புறவங்க இப்ப நெறைய பேரு. பழமா அனுப்பாதீங்க, முத்துன காயா அனுப்பிட்டு வைக்கோல்லயோ அரிசிப் பானைலயோ வெச்சு பழுக்க வெக்கச் சொல்லுங்க, எத்தனை நாள்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் போடுங்க. அட்டைப்பெட்டில ரெண்டு பக்கமும் ரூபா நாணயம் அளவு ஓட்டை, ஒவ்வொரு காய்க்கும் நியூஸ் பேப்பர், ரெண்டு அடுக்குக்கு மேல வேணாம். பாலித்தீன் கவர்ல சீல் பண்ணி அனுப்புன ஒரு தம்பிக்கு கஸ்டமர் வீடியோ கால்ல பெட்டிய தொறந்து காட்டுனாங்க, உள்ள தண்ணி முத்து முத்தா நிக்குது, சாராய வாசம் வேற அடிச்சதாம். மூச்சு விட எடம் இல்லன்னா காய் உள்ளயே புளிச்சுப் போயிடும். அளவுக்கு மீறி மெழுகு பூசுனாலும் இதே கதிதான். தேன்மெழுகு, கார்னௌபா மெழுகெல்லாம் பழத்து மேல பூச அனுமதி இருக்கு, எலுமிச்சை ஆரஞ்சுக்கு நல்லாவும் வேலை செய்யும், ஆனா புதுசா வர்றவங்க மாங்காய்ல முயற்சி பண்ண வேணாம்ங்கிறது என் கருத்து. கத்தாழை ஜெல் தடவுறதும் அப்படித்தான், நான் ஒரு கிரேட் தடவிப் பாத்தேன், கை வலிச்சதுதான் மிச்சம்.

இன்னொண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, ஹெக்சனால். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் கனடாவுல இருக்கிற கெல்ஃப் பல்கலைக்கழகமும் சேந்து செஞ்ச ஆராய்ச்சி. அரிஞ்ச புல்லுல வருமே ஒரு பச்சை வாசம், அந்த மாதிரி செடியிலயே இருக்கிற பொருள்தான் அது. பழத்தோட செல்ல சுத்தி இருக்கிற சவ்வ கரைக்கிற ஒரு நொதிய தடுத்து வெக்குது, அதனால பழம் கொழையுறது தள்ளிப் போகுது. பறிக்கிறதுக்கு 30 நாள் முன்னாடி ஒரு தடவை, 15 நாள் முன்னாடி ஒரு தடவை மரத்துல ஸ்ப்ரே பண்ணணும். உங்க மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துல கேட்டு அவங்க சொல்ற அளவுல அடிங்க.

மத்த பழங்களுக்கு, சுருக்கமா

வாழைத்தார வெட்டுனதும் தரைல படுக்க வெக்காதீங்க, வாழைச்சருகு விரிச்சு அது மேல நிறுத்துங்க, இல்ல கயித்துல தொங்க விடுங்க. சீப்பா அறுக்குறதா இருந்தா கூரான கத்தி, அறுத்த எடத்துல பால் வடிய விட்டு, 10 லிட்டருக்கு 100 கிராம் படிகாரம் கரைச்ச தண்ணில அலசிடுங்க, கறை நிக்காது, காம்பு அழுகலும் கொறையும். தூரமா அனுப்ப பச்சையாவே வெச்சிருக்கணும்னா பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைசல்ல நியூஸ் பேப்பர ஊற வெச்சு காய வெச்சு, துணிப் பைல போட்டு காயோட கவர்ல வெக்கிறது ஒரு பழைய வழி, அது எத்திலீன உறிஞ்சிடும். ஊதா கலர் பிரவுனா மாறுனா வீரியம் தீந்துடுச்சுன்னு அர்த்தம், மாத்திடுங்க. அந்தப் பேப்பர் பழத்துல நேரா படக் கூடாது. வீட்ல ரெண்டு சீப்பு வெச்சிருக்கிறவங்களுக்கு இதெல்லாம் வேணாம், சீப்போட அடிக்காம்ப கவர்ல சுத்தி தொங்க விடுங்க, ஒண்ணு ரெண்டு நாள் தள்ளிப் போகும்.

கொய்யா ரொம்ப அவசரக்காரப் பழம். ஆயக்குடி சந்தைல பாத்திருப்பீங்க, விடிகாலைல வந்த பழம் அன்னிக்கே வித்தாகணும். கரும்பச்சை மாறி இளம்பச்சை ஆகும்போதே காம்பு இலையோட பறிச்சு, நாலஞ்சு ஓட்டை போட்ட மெல்லிசு பாலித்தீன் பைல போட்டு கூலிங் ரூம்ல வெச்சா ஒரு ரெண்டு மூணு நாள் கூட வரும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

பப்பாளில ஒரே ஒரு மஞ்சள் கோடு விழுந்ததும் பறிச்சு, ஒவ்வொண்ணா பேப்பர்ல சுத்தி, ஒரே அடுக்கா வெச்சா போதும். இதுக்கும் வெந்நீர் நல்லா வேலை செய்யும், 49 டிகிரி 20 நிமிஷம். எலுமிச்சைய ஊசி ஓட்டை போட்ட கவர்ல, ஈரமில்லாம. சப்போட்டாவ பறிச்சதும் அந்த மணல் மாதிரி தூள தேச்சு எடுக்காதீங்க, சந்தைல பளிச்சுன்னு தெரியும்னு செய்றாங்க, தோல் சிராய்ச்சு ரெண்டு நாள் முன்னாடியே கெட்டுப் போகும்.

எவ்வளவு செஞ்சும் மிஞ்சுறது

மிஞ்சும். பத்து கிரேட்ல ஒண்ணாவது அடிபட்டு, கனிஞ்சு, சீட்டுல எழுதுன தேதிக்கு முன்னாடியே பழுத்து நிக்கும். அத நல்ல காய் இருக்கிற ரூம்லேருந்து சாயங்காலத்துக்குள்ள வெளிய எடுத்துடணும், அதுதான் முக்கியம். எங்க வீட்ல அம்மா அந்தப் பழத்த கரைச்சு வடிகட்டி அடுப்புல சுருள வெச்சு, நெய் தடவுன தட்டுல மெல்லிசா ஊத்தி வெள்ளைத் துணி போட்டு மொட்டை மாடில காய வெப்பாங்க, மறுநாள் அது மேலயே அடுத்த அடுக்கு. நாலஞ்சு அடுக்கு ஆனதும் சுருட்டி டப்பால போட்டா பொங்கல் வரைக்கும் இருக்கும், பசங்க விட்டு வெச்சா. சீசன் முடிஞ்சதும் கூலிங் ரூம் மணல வெளிய அள்ளி வெயில்ல காயப் போட்டு, செங்கல பிளீச்சிங் தண்ணில கழுவி அடுக்கி வெச்சுடுங்க, இல்லன்னா அடுத்த வருஷம் மொத கிரேட் எறக்கும்போதே போன வருஷத்துப் பூஞ்சை காத்துட்டு இருக்கும்.